ஊதிக் காட்டும் மூச்சு, துப்பிக் கொடுக்கும் எச்சில்

காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து “காலையில சளி எடுத்துட்டு வாங்க” என்று அனுப்புவார்கள். மறுநாள் அதைத் திறந்து பார்க்கும் ஆய்வக ஊழியர் பலரிடம் டப்பாவைத் திருப்பி நீட்டுவார். “இது எச்சிலுல்லா. நெஞ்சுக்குள்ள இருந்து காறி எடுத்துட்டு வாங்க.” கிருமி இருப்பது நுரையீரலில். வாயில் ஊறும் உமிழ்நீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தேடினால் ஒன்றும் தட்டுப்படாமல் போகலாம். நோயாளி ‘நெகட்டிவ்’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் நெஞ்சக நோய்ப் பிரிவில் எச்சில் என்றாலே வேண்டாத பொருள்.

அந்த வேண்டாத பொருளைத்தான் இப்போது சில ஆய்வாளர்கள் கேட்டு வாங்குகிறார்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளியின் உமிழ்நீரில் இருக்கும் சில புரதங்களை அளந்தால் நோய் கிளம்பப் போகிறதா, தணிந்திருக்கிறதா என்று சொல்லிவிட முடியுமா என்பது அவர்கள் கேள்வி. இதைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் “அப்படியானா இனிமே அந்தக் குழாயை வாயில வச்சு ஊத வேண்டாமா?” என்று ஆவலாகக் கேட்கிறவர்கள் உண்டு. குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ‘ஸ்பைரோமெட்ரி’ என்ற அந்தப் பரிசோதனையை ஒருமுறை செய்தவருக்கு இந்த ஆவல் புரியும். ஆனால் என் கணிப்பு வேறு. ஊதுவது ஒரு கேள்விக்குப் பதில், எச்சில் வேறொரு கேள்விக்குப் பதில். அதிலும் கன்னியாகுமரி மாவட்டத்து வாய்களை வைத்துப் பார்த்தால், எச்சில் சோதனை இங்கே வந்து சேர்வதற்கு முன் தாண்ட வேண்டிய தடைகள் கொஞ்சம் அதிகம்.

யாருக்கு வருகிறது

இங்கே முதன்மையாகப் பேசுவது சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி. மூச்சுக்குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. அவற்றின் நுனியிலிருக்கும் காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. ஆஸ்துமாவிலும் குழாய் சுருங்கும், ஆனால் மருந்து பட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். சி.ஓ.பி.டி.யில் அப்படி முழுதாகத் திறக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 35 லட்சம். 2016-ம் ஆண்டு நிலவரப்படி, உலக மக்கள்தொகையில் 18 விழுக்காடு உள்ள இந்தியா, நாள்பட்ட சுவாச நோய்களின் மொத்தச் சுமையில் 32 விழுக்காட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பீடி, சிகரெட் குடித்தவர்களின் நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பீடியைக் கையால் தொடாத பெண்கள் நம் மாவட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேல் இளைத்து இளைத்து மாடிப்படி ஏறுகிறார்கள். ஓலை, கொதும்பு, சிரட்டை, கதம்பை, ரப்பர் விறகு என்று கிடைத்ததையெல்லாம் அடுப்பில் திணித்து, புகைபோக்கி இல்லாத சமையலறையில் ஊதாங்குழலோடு உட்கார்ந்த ஆயுள் அவர்களுடையது. இப்போது கேஸ் சிலிண்டர் இருக்கும், ஆனாலும் வெந்நீருக்கும் அவித்த கிழங்குக்கும் வெளியடுப்பு எரியும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் முந்திரி ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு புகை. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் விரலைப் பொத்துப்போகச் செய்யும் அளவுக்குக் கடுமையானது. டிரம்மில் வறுக்கும்போது அதன் புகை கண்ணையும் தொண்டையையும் கடிக்கும். ஆவியில் வேகவைக்கும் முறைக்கு மாறிய ஆலைகளில் இது குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் வறுப்புப் பக்கம் நின்றவர்களின் நுரையீரலில் பழைய புகையின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஈத்தாமொழிப் பக்கத் தும்பு ஆலைத் தூசி, ரப்பர் ஷீட் உலர்த்தும் அறையின் புகை, கல் குவாரித் தூள் என்று பட்டியல் நீளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசாரிபள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் முன்பு காசநோய் மருத்துவமனை. வயதானவர்கள் இன்னும் ‘டி.பி. ஆஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள். காசநோய் குணமான பிறகும் அது விட்டுச்சென்ற தழும்பு மூச்சுக்குழாயை இழுத்துச் சுருக்கும். பத்து ஆண்டு கழித்து இளைப்பு வரும்போது எக்ஸ்-ரேயில் பழைய தழும்பு தெரியும், “மறுபடியும் டி.பி.யோ?” என்ற பயம் வரும். சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு அடுத்துச் செய்ய வேண்டியது மூச்சை அளப்பதுதான். அந்த அடுத்த படி பலருக்கு நடப்பதே இல்லை. இளைப்பு, வீசிங், அலர்ஜி என்று ஏதாவது ஒரு பெயரில் மாத்திரையும் ஊசியும் ஓடிக்கொண்டிருக்கும். கை விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி 97 காட்டினால் “ஒண்ணுமில்ல” என்று அனுப்பிவிடுவார்கள். சி.ஓ.பி.டி. நன்றாக முற்றும்வரை அந்த மானி 97 காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஊதும்போது அளக்கப்படுவது

மூச்சை அளக்கும் கருவியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து மிதக்கவிட்ட ஓர் உருளை. ஊதினால் அது மேலே எழும்பும், எழும்பிய உயரத்திலிருந்து கொள்ளளவைக் கணக்கிடலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் செய்து 1846-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஆளின் உயரம் கூடக்கூட நுரையீரல் கொள்ளளவும் சீராகக் கூடுகிறது என்று காட்டினார். அவருக்கு ஆயுள் காப்பீட்டுத் துறையோடு தொடர்பு இருந்தது. யார் சீக்கிரம் சாவார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் காப்பீட்டுக்காரர்களுக்கு இருந்த ஆர்வம் மருத்துவத்துக்கு லாபமாக முடிந்தது. ஆனால் ஹட்சின்சன் அளந்தது மொத்தக் கொள்ளளவை மட்டும். அதில் எவ்வளவு முதல் ஒரு நொடியில் வெளியே வருகிறது என்று பார்க்கும் யோசனை பிரான்சில் 1947-ல்தான் வந்தது. இன்றைய ஸ்பைரோமெட்ரியின் உயிர் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

பரிசோதனை அறையில் நடப்பது இதுதான். மூக்கைக் கிளிப் போட்டு அடைப்பார்கள். அட்டைக்குழாயைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்க வேண்டும். “அம்மா, நல்லா மூச்சை உள்ள இழுங்க, இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் ஊதுங்க...” என்று டெக்னீஷியன் கத்துவார். வெளியே வராந்தாவில் இருப்பவர்கள் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். உள்ளே இருக்கும் பாட்டி பாதியில் குழாயை எடுத்துவிட்டு, “மக்ளே, மூச்சு இருந்தா நான் எதுக்கு இங்க வாறேன்?” என்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் பரிசோதனையின் தரம் அந்தக் கத்தலைப் பொறுத்தே இருக்கிறது. ஊதலின் தொடக்கம் வெடித்தாற்போல இருக்க வேண்டும், தயங்கித் தயங்கி ஊதினால் முதல் நொடிக் கணக்கு தப்பும். நுரையீரல் காலியாகி வரைபடத்தின் கோடு சமதளமாகும்வரை, தேவைப்பட்டால் 15 நொடி வரை, ஊத வேண்டும். நடுவில் இருமக் கூடாது, உதட்டோரம் காற்று கசியக் கூடாது. இப்படித் தரமான மூன்று ஊதல்கள் கிடைக்க வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பல் செட்டு வைத்திருப்பவர் அது ஆடாமல் இருந்தால் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் கன்னம் ஒட்டிப்போய் உதடு இறுக்கமாகப் பிடிக்காது.

பிறகு சால்பியூட்டமால் மருந்தை, வழக்கமாக 400 மைக்ரோகிராம், இழுக்கச் சொல்லி கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பிந்தைய இந்த ஊதல்தான் சி.ஓ.பி.டி.யை உறுதிசெய்ய வேண்டியது. அவசரத்தில் இதை விட்டுவிட்டு முதல் ஊதலை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அந்தத் தாளை வைத்து ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா என்று பிரிப்பது கடினம்.

தாளில் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. எஃப்.வி.சி. என்பது ஊதிய மொத்தக் காற்று. எஃப்.இ.வி.1 என்பது முதல் நொடியில் வெளியேறியது. மூன்றாவது, இரண்டுக்கும் உள்ள விகிதம். கற்பனையாக ஒரு கணக்கு: முந்திரி ஆலையில் வேலை பார்த்த 58 வயதுப் பெண், உயரம் 150 செ.மீ. மருந்துக்குப் பிறகு எஃப்.வி.சி. 1.90 லிட்டர், எஃப்.இ.வி.1 1.05 லிட்டர். விகிதம் 0.55. சி.ஓ.பி.டி.க்கான உலக வழிகாட்டுக் குழுவான கோல்டு வைத்திருக்கும் கோடு 0.70. அதற்குக் கீழே போனதால் அடைப்பு உறுதி. அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் எஃப்.இ.வி.1 1.75 லிட்டர் என்றால், இருப்பது அதில் 60 விழுக்காடு. 50-க்கும் 80-க்கும் இடைப்பட்டதால் இரண்டாம் நிலை. 30-க்குக் கீழே போனால் நான்காம் நிலை.

இந்த ‘எதிர்பார்க்கும்’ என்ற இடத்தில்தான் சிக்கல். யாரை வைத்து எதிர்பார்ப்பது? ஐரோப்பியர்களின் அளவுகளைக் கருவியில் போட்டிருந்தால் நம் ஊர் ஆரோக்கியமான ஆளும் குறைபாடுள்ளவராகத் தெரிவார். இந்தியர்களுக்கென்று குறைத்துப் போட்டால், புகையாலும் வறுமையாலும் சுருங்கிய நுரையீரலை ‘இந்தியர்களுக்கு இது இயல்புதான்’ என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும். இந்தத் தகராறு நீண்ட நாளாக நடக்கிறது. இன வேறுபாடு பார்க்காத பொதுச் சமன்பாடு ஒன்று 2022-ல் வந்தது. நோயாளிக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். வேறொரு இடத்தில் ஊதினால் விழுக்காடு மாறலாம், அது நோய் மாறியதால் இருக்க வேண்டியதில்லை. லிட்டர் கணக்கைப் பாருங்கள்.

விகிதம் சரியாக இருந்து மொத்தமே குறைந்திருந்தால் அது அடைப்பு அல்ல. நுரையீரல் விரிய மறுக்கும் நோயாக இருக்கலாம். தழும்பு, முதுகுக் கூனல், மிகு எடை எல்லாம் இப்படிக் காட்டும். அதை உறுதிசெய்ய வேறு சோதனைகள் வேண்டும், இங்கே அதற்குள் போகவில்லை.

அடைப்பு என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்த ஒரு மருத்துவர் நம் மாவட்டத்தில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நீண்ட காலம் அறுவை மருத்துவராக இருந்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924 பயணத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறிவிட்டு இறங்கும்போது அவர் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சாகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தி இருமியதில் அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது. கடுங்குளிரால் கெட்டுப்போய்க் கழன்றிருந்த தொண்டையின் உட்சவ்வு அது. அப்புறம் பல ஆண்டுகள் நெய்யூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை செய்தார். அவருடையது ஒரே இருமலில் தீர்ந்த அடைப்பு, சி.ஓ.பி.டி.யின் அடைப்பு ஆயிரக்கணக்கான சிறு குழாய்களில் பரவிக் கிடக்கிறது.

ஊதல் சொல்லாதது

முப்பது வயதுக்குப் பிறகு எல்லோருக்கும் எஃப்.இ.வி.1 ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மி.லி. வரை குறையும். புகைபிடிப்பவர்களில் நோய் பிடித்தவர்களுக்கு இதைவிட வேகமாகச் சரியும். நிறுத்தினால் போனது திரும்பாவிட்டாலும் சரிவு ஏறத்தாழ இயல்பு வேகத்துக்கு வரும் என்று 1977-லேயே ஃபிளெச்சரும் பீட்டோவும் காட்டினார்கள். இப்போது மேலே சொன்ன 150 மி.லி.யை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே ஆள் ஊதும் இரண்டு ஊதல்களுக்கு இடையே அனுமதிக்கும் வித்தியாசமே அவ்வளவு. இயல்பான சரிவில் ஐந்து ஆண்டுக் குறைவுக்கு அது சமம். அடுத்த வாரம் என்ன ஆகும் என்பதை ஸ்பைரோமெட்ரியிடம் கேட்பது வீண் வேலை.

ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஓடவைப்பது அந்த அடுத்த வாரம்தான். சி.ஓ.பி.டி. பெரும்பாலான நாட்களில் மெதுவாகத் தேயும், திடீரென்று ஒருநாள் கிளம்பும். சளி நிறம் மாறி மஞ்சளாகும், அளவு கூடும், இரவில் படுக்க முடியாது. ஜலதோஷ வைரஸ்களும் பாக்டீரியாவும் இதற்கு முக்கியக் காரணங்கள். இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் ஊர் நம்முடையது. ஜலதோஷத்துக்கு ஆண்டில் இரண்டு பருவம். ஒவ்வொரு கிளர்ச்சிக்குப் பிறகும் சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. இரண்டு மூன்று நாள் முன்னாடியே தெரிந்தால் வீட்டிலேயே மருந்தைக் கூட்டி அணைத்துவிடலாம். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவருக்கு இது இன்னும் அவசரமான விஷயம். கரைக்கு வர நாட்கணக்கில் ஆகும் தூரத்தில் இருக்கும்போது மூச்சு முட்டத் தொடங்கினால் போவதற்கு இடமில்லை.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்று அளப்பது ஒன்று, இன்று காலை அலை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது வேறொன்று. ஊதும் சோதனை முதலாவதைச் சொல்கிறது. எச்சிலிடம் கேட்பது இரண்டாவதை.

அழற்சி எவ்வளவு கிளம்பியிருக்கிறது என்று காட்டும் இத்தகைய பொருட்களைப் பயோமார்க்கர் என்கிறோம். இரத்தத்தில் இவை ஏற்கெனவே பயன்பாட்டில் உண்டு. ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது பலன் தரும் வாய்ப்பு அதிகம் என்பது இன்று மருத்துவர்கள் கையாளும் கணக்கு. ஃபைப்ரினோஜென் என்ற இரத்தப் புரதத்தை, சி.ஓ.பி.டி. மருந்துச் சோதனைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்க உதவும் குறியீடாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் ஏற்றது. ஆனால் தினமும் யார் ஊசி குத்திக்கொள்வார்கள்? எச்சில் என்றால் வலியில்லை, செலவில்லை, ஒரு நாளைக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை தானாகவே ஊறுகிறது.

உமிழ்நீரில் தேடும் பொருட்களில் முக்கியமானவை மூன்று. சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாவது, உடம்பில் எங்கே அழற்சி கிளம்பினாலும் இரத்தத்தில் ஏறும். புரோகால்சிட்டோனின் பாக்டீரியாத் தொற்றின்போது கூடும். மூன்றாவது நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ், வெள்ளணுக்கள் கிருமியைத் தின்னக் கொட்டும் நொதி. நுரையீரலின் மீள்திசுவைக் கரைப்பதும் இதே நொதிதான் என்பதால் சி.ஓ.பி.டி.யில் இதற்குத் தனி மதிப்பு. 1963-ல் சுவீடனில், ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இளம் வயதில் காற்றறை சிதைவதைக் கண்டுபிடித்தார்கள். எலாஸ்டேஸை அடக்கிவைக்கும் புரதம் அது. அடக்க ஆளில்லாவிட்டால் நொதி என்ன செய்யும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்த மூன்றையும் சி.ஓ.பி.டி. நோயாளிகளின் உமிழ்நீரில் அளந்து, அவர்களே சொல்லும் அன்றாட உடல்நிலையோடு ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. ஜெர்மனியில் வேறு வழி பார்த்தார்கள். போர்ஸ்டல் நுரையீரல் ஆய்வு மையத்தில் சேகரித்த எச்சிலை, ஐ.எச்.பி. என்ற நுண்மின்னணுவியல் நிறுவனத்தின் சென்சாரில் வைத்து, புரதம் எதையும் தனித்தனியாக அளக்காமல் எச்சிலின் மின்பண்பு எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்த்தார்கள். நோய் வந்தால் எச்சிலின் கொழகொழப்பும் சேர்மானமும் மாறும், அதனால் மின்பண்பும் மாறும் என்பது கணக்கு. எக்ஸாசென்ஸ் என்ற பெயரில் அந்தத் தரவைப் பொதுவில் வைத்ததால், தரவைக் கொடுத்துக் கணினியைக் கற்கவைக்கும் ‘மெஷின் லேர்னிங்’கில் பயிற்சி எடுக்கும் மாணவர்கள் உலகெங்கும் அதைப் போட்டு உருட்டுகிறார்கள்.

அங்கே ஓர் எச்சரிக்கை. நோயாளிகள் எல்லோரும் வயதானவர்களாகவும் புகைபிடித்தவர்களாகவும், ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்கள் இளையவர்களாகவும் இருந்துவிட்டால், கணினி நோயைக் கற்றுக்கொள்ளாது, வயதைக் கற்றுக்கொள்ளும். 95 விழுக்காடு துல்லியம் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் யார் என்பது.

வாய் குறுக்கே நிற்கிறது

நுரையீரலில் நடப்பது எச்சிலுக்கு எப்படி வருகிறது? அழற்சிப் பொருட்கள் இரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பி வழியாகவும், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கசியும் நீர் வழியாகவும் வாய்க்கு வருகின்றன. வந்து சேரும்போது மிகக் குறைவு, சி.ஆர்.பி. இரத்தத்தில் இருப்பதைவிட எச்சிலில் பல நூறு மடங்குக்கும் மேல் குறைவாக இருக்கும். இவ்வளவு மெலிந்த சமிக்ஞையைத் தேடும்போது, ஈறே வீங்கி இரத்தம் கசிந்தால் கணக்கு முழுக்கக் கவிழும். நியூட்ரோஃபில் அணுக்கள் அழுகும் ஈறிலும் எலாஸ்டேஸைக் கொட்டும். கருவி அதை நுரையீரலுடையதாகவே எண்ணிவிடும்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்து முறுக்கான் நினைவுக்கு வருகிறது. மார்த்தாண்டம் சந்தைக்கு வரும் பாட்டிகளின் இடுப்புச் சுருக்கில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. பல் போனவர்கள் சின்ன உரலில் இடித்து வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். சுண்ணாம்பு எச்சிலின் காரத்தன்மையை ஏற்றும். பாக்கிலுள்ள அரிகோலின் எச்சிலைப் பெருக்கெடுக்கவைக்கும். அதனால் இருக்கிற புரதம் நீர்த்துப்போகும். அதே அரிகோலின் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சுக்குழாயையும் சுருக்கும். புகையிலை ஈறைக் கெடுக்கும். ஜெர்மனியில் எடுத்த எச்சிலில் இந்த முறுக்கான் கலவை இருந்திருக்க வழியில்லை. அங்கே பழக்கிய சென்சாரை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது எதை அளக்கும் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தேகம்.

மருந்தும் சேர்ந்து குழப்பும். சி.ஓ.பி.டி.க்கு அடிக்கடி எழுதும் டையோட்ரோப்பியம், இப்ராட்ரோப்பியம் ஆகிய இன்ஹேலர் மருந்துகளின் வழக்கமான பக்கவிளைவே வாய் வறட்சி. எச்சில் குறைந்து கெட்டியானால் அதிலிருக்கும் எல்லாமே கூடியதுபோல் காட்டும். ஸ்டீராய்டு பம்ப் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவருக்கு நாக்கில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை பிடிக்கும், அதுவும் ஓர் அழற்சி. போதாக்குறைக்கு, இருமுகிற ஆளின் எச்சிலில் சளி கலந்துவிடும். டி.பி. டப்பாவில் நேர்ந்ததன் தலைகீழ்.

கையாளும் முறையும் லேசானது அல்ல. ஆய்வுக்கு எச்சில் எடுப்பதென்றால், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், குனிந்து வாயிலிருந்து தானாக ஒழுகவிட வேண்டும், உடனே ஐஸில் வைக்க வேண்டும், சுழற்றித் தெளிவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். எச்சிலிலுள்ள நொதிகள் அறை வெப்பத்தில் அந்தப் புரதங்களைத் தின்னத் தொடங்கிவிடும். பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்து ஆசாரிபள்ளம் வரை ஐஸ் பெட்டியோடு பேருந்தில் போவது ஆய்வுக்கு ஆகும், அன்றாட மருத்துவத்துக்கு ஆகாது. எச்சில் சோதனைக்கு எதிர்காலம் இருக்கிறது என்றால் அது வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் பட்டையாகவோ சின்னக் கருவியாகவோதான் வர வேண்டும். கோவிட் காலத்தில் எச்சில் கொடுத்துப் பரிசோதிப்பதற்கு உலகம் ஓரளவு பழகிவிட்டது. ஆனால் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது வேறு, புரதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வேறு.

இத்தனையும் சொன்னாலும் ஒரு வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல், ஒருவரை அவரோடே ஒப்பிடுவது. முறுக்கான் போடும் பாட்டி நேற்றும் போட்டார், இன்றும் போடுகிறார். ஈறு நேற்றைப் போலவே இன்றும் கெட்டிருக்கிறது. அந்த மாறாத குழப்பத்துக்கு மேலே திடீரென்று எலாஸ்டேஸோ சி.ஆர்.பி.யோ எகிறினால் அதற்குப் பொருள் உண்டு. நன்றாக இருக்கும் நாட்களில் சில வாரம் அளந்து அவருக்கென்று ஓர் அடிக்கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து விலகல்தான் செய்தி. இப்படி ஓர் ஆய்வை முந்திரி ஆலைப் பெண்களிடமோ தும்பு ஆலைத் தொழிலாளர்களிடமோ செய்ய நம் மருத்துவக் கல்லூரிகள் முன்வந்தால், மேல்நாட்டு ஆய்வுகள் சொல்லாத ஒன்றை அது சொல்லும். பல் மருத்துவர் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தாக வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது பீக் ஃப்ளோ மீட்டர். ஊதும் வேகத்தை மட்டும் காட்டும் பிளாஸ்டிக் குழாய், மருந்துக் கடையில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். ஆஸ்துமாவுக்கு இது நல்ல காவல், சி.ஓ.பி.டி.க்கு அவ்வளவு கூர்மை போதாது. சளியின் நிறம், அளவு, வழக்கமாக ஏறும் மேட்டில் எத்தனை இடத்தில் நின்றோம் என்பதைக் கவனிப்பதே இப்போதைக்குச் செலவில்லாத எச்சரிக்கை. இவற்றில் இரண்டு சேர்ந்து மாறினால் அடுத்த ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஊதும் சோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், இறுக்கமான உடுப்பு வேண்டாம். காலையில் இன்ஹேலர் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் சோதனை என்றால் குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்தைச் சில மணி நேரமும் நீண்ட நேர மருந்தை அரை நாளோ ஒரு நாளோ நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் மூச்சு முட்டினால் எடுத்துவிட்டு, எடுத்ததைச் சொன்னால் போதும். அண்மையில் மாரடைப்பு, கண் அறுவை, வயிற்று அறுவை நடந்திருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், ஊதும் அழுத்தம் அங்கே ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. கடைசியாக, போன வருடம் ஊதிய தாள் எங்கேயாவது அலமாரியில் மடித்துக் கிடக்கும். அதையும் எடுத்துப் போங்கள். எஃப்.இ.வி.1 லிட்டர் கணக்கை இரண்டு தாளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மருத்துவருக்கு அரை நிமிடம் போதும்.